மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்யணும்? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நீண்ட பதிவு



சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதிட்டிருந்த டாக்டர் இன்னைக்கு கார் ஒயரிங் பற்றி எழுத வந்துட்டாரேன்னு யோசிக்காதீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் பொறுமையா கடைசி வரை படிங்க. பத்து வருஷத்துக்கு மேல் ஓடின கார் உங்க வீட்டிலோ, அப்பா வீட்டிலோ, மாமா வீட்டிலோ கண்டிப்பா ஒன்று இருக்கும். அவங்களுக்கும் இதை அனுப்பி வையுங்க.

முதலில் அடிப்படை.

மீட்டர் போர்டில் எரியும் விளக்குகளின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு.

பச்சை, நீலம்: தகவல் மட்டும். இண்டிகேட்டர் ஓடுது, ஹை பீம் எரியுது என்று சொல்கிறது.

மஞ்சள்: கவனிக்கணும். இன்றோ நாளையோ பார்த்துவிட வேண்டும். எஞ்சின் செக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு இந்த வகை.

சிவப்பு: உடனே கவனிக்கணும். ஆயில், டெம்பரேச்சர், பிரேக், பேட்டரி ஆகிய நான்கும் சிவப்புதான்.

இதில் ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் இல்லாமல் எஞ்சின் சில நிமிடம் ஓடினாலே உள்ளே உரசித் தேய்ந்துவிடும். "பக்கத்துல தானே வீடு" என்று ஓட்டினால் எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.

டெம்பரேச்சர் விளக்குக்கும் அதேதான். நிறுத்துங்கள், ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலும் நெஞ்சிலும் பீய்ச்சி அடிக்கும். வெந்த தோலோடு வருகிறவர்களுக்கு நாங்கள் கட்டுப் போடுகிறோம். அந்த வலியை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்க. இறங்கியும் எரிகிறது என்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஓட்டாதீர்கள்.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பேட்டரி படம் போட்ட அந்த சிவப்பு விளக்கு.

இதைத்தான் நம்ம ஆட்கள் அதிகமாகத் தப்பாகப் புரிஞ்சுக்கிறாங்க.

"பேட்டரி படம் எரியுது. அப்போ பேட்டரி வீக். புது பேட்டரி போட்டாச்சுன்னா சரியாகிடும்."

இல்லைங்க. அந்த விளக்கு பேட்டரியின் உடல்நலத்தைச் சொல்வதில்லை. பேட்டரிக்கு சாப்பாடு போகலை என்று சொல்கிறது. சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே பாதி மெக்கானிக்.

பெரும்பாலான பழைய கார்களில் இந்த பல்பின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கும். மறு முனை ஆல்டர்னேட்டரில் இருக்கும் (நம்ம ஊர் கடைகளில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வாங்க). எஞ்சின் ஓடாதபோது ஒரு பக்கம் 12 வோல்ட், மறு பக்கம் பூஜ்யம். கரண்ட் பாயும், பல்பு எரியும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் கரண்ட் தர ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ். கரண்ட் பாய வழியில்லை, பல்பு அணையும்.

அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பல்பு அணைந்திருக்கும், ஏற்றத்தாழ்வு இருந்தால் எரியும்.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது.

1. ஓடும்போது பிரகாசமாக எரிந்தால் ஆல்டர்னேட்டர் கரண்ட் தரவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம்.

2. மங்கலாக, இருட்டில் மட்டும் தெரிகிற மாதிரி எரிந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யலாம், ஆனால் நடுவில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. அல்லது ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு பழுது.

3. சாவி ஆன் செய்யும்போது இந்த விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் நோய்தான். பல வண்டிகளில் இந்த பல்பு வழியாகப் போகும் சின்ன கரண்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. பல்பு ஃப்யூஸ் போனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

ஏன் இவ்வளவு விளக்கம் என்றால், இதற்கு ஒரு நிகழ்வு காரணம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன்.

ஒரு மழை நாள் இரவு. நான் டூட்டியில் இருந்தேன். 108 வண்டியில் ஒரு அம்மாவையும் அவர் மகனையும் கொண்டு வந்தார்கள். அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிவு. மகனுக்கு நெற்றியில் ஆழமான வெட்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்கள் கார் நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்குக் கார் தெரியவில்லை.

தையல் போடும்போது கேட்டேன், "தம்பி, பார்க்கிங் லைட் போடலையா?"

"எந்த லைட்டுமே எரியல சார். எல்லாமே மங்கி மங்கி அப்படியே ஆஃப் ஆகிடுச்சு. சாயங்காலமே பேட்டரி லைட்டு எரிஞ்சது சார். பேட்டரி மாத்தி ஒரு மாசம்தான் ஆகுது. புது பேட்டரிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு ஓட்டிட்டேன்."

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. பேட்டரி படம் போட்டிருக்கு, பேட்டரி புதுசு. அவன் போட்ட கணக்கு நம்மில் பாதிப் பேர் போடும் கணக்குதான். அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்னு யாரும் அவனுக்குச் சொல்லித் தரலை.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து கம்பி வைத்து, மாதக்கணக்கில் படுத்திருந்து, பிறகு வாக்கர் பிடித்து நடந்தார்.

இப்போ அவர் வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போடலாம்.

சின்ன பெட்ரோல் காரில் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-ஹவர். அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும் என்பது தோராயக் கணக்கு.

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், பின் விளக்குகள், வைப்பர், ஏசி, அதன் ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 25 ஆம்பியரைச் சுலபமாகத் தாண்டும்.

35-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்க. ஒன்றரை மணி நேரம்கூட வராது. பேட்டரி முழுதாகக் காலியாகும் முன்பே வோல்டேஜ் இறங்கி எஞ்சின் நின்றுவிடும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

புது பேட்டரியாக இருந்தாலும் அவ்வளவுதான். வருமானம் நின்ற வீட்டில் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்?

ஆக, இரவில் ஓட்டும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் என்ன செய்யணும்?

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும். பேட்டரி விளக்கும் எரிந்து, சூடும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள்.

சூடு ஏறவில்லை என்றால் ஏசி, ப்ளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஹெட்லைட்டை மட்டும் அணைக்காதீர்கள். எஞ்சினையும் அணைக்காதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற அடுத்த இடம் வரை மட்டும் போங்க. பெட்ரோல் பங்க், டோல்கேட், டீக்கடை எதுவானாலும் சரி. வீடு வரை போகணும்னு நினைக்காதீங்க.

வழியிலேயே நின்றுவிட்டால் வண்டியைச் சாலையை விட்டு முடிந்த அளவு வெளியே தள்ளுங்கள். எல்லாரும் இறங்கிவிடுங்கள். மழை பெய்தாலும், குழந்தை தூங்கினாலும் இறங்குங்கள். போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, கம்பித் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. யாருக்காவது அடிபட்டால் 108.

இந்த ஒரு பத்தியை மட்டும் படிச்சிட்டு போனாலும் எனக்கு சந்தோஷம்தான். ஆனா இன்னும் இருக்கு.

சார்ஜ் ஏறுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பிரஷர் மாத்திரை எழுதும் முன் நாங்க பிரஷர் பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி எந்தப் பொருளையும் மாற்றும் முன் வோல்டேஜ் பார்க்கணும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி ப்ளஸ்ஸிலும் கருப்பு முனையை மைனஸிலும் வையுங்க. மூன்று அளவு எடுக்கணும்.

அளவு 1: வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலியாகிக்கொண்டிருக்கிறது.

அளவு 2: ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது. சுமார் 10 வோல்டுக்குக் கீழே விழக்கூடாது. முதல் அளவு நன்றாக இருந்தும் இதில் 8, 7 என்று விழுந்தால் பேட்டரிதான் சந்தேகம்.

அளவு 3: எஞ்சின் ஓடும்போது. 13.8-லிருந்து 14.5 வரை இருக்கணும். ஹெட்லைட், ப்ளோயர் போட்ட பிறகும் 13.5-க்கு மேல் நிற்கணும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறலை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது. பேட்டரி தண்ணி கொதிக்கும், பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் போகும்.

இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்க. பழைய ரிப்போர்ட்டை ஒழுங்காக எடுத்து வரும் நோயாளியைப் பார்த்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதியோ, அவருக்கும் அவ்வளவு நிம்மதியா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி நிக்கல, அப்போ டைனமோ ஓகே" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கு. கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் இதை அனுமதிக்காதீங்க. பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் எகிறும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஈசிஎம் செத்துப் போகும்.

என் வண்டிக் கதையையும் சொல்லிடறேன்.

2007 மாடல் சின்ன கார். ராத்திரி ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டால் மட்டும் பேட்டரி விளக்கு மின்மினி மாதிரி மங்கலாகத் தெரியும். பகலில் ஒன்றும் இல்லை. ஒரு கடையில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கடையில் டைனமோ போச்சு, ஏழாயிரம் ஆகும் என்றார்கள். இரண்டு இடத்திலும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பெரியவரிடம் போனேன். மரத்தடியில் கடை. அவர் முதலில் கேள்விதான் கேட்டார்.

"எப்ப எரியுது சார்? லைட்டு போட்டா மட்டுமா? மழையிலயா? முன்னாடி யாராச்சும் கை வச்சாங்களா?"

"லைட்டும் ப்ளோயரும் போட்டா மட்டும்தாண்ணே."

நாங்க ஹிஸ்டரி எடுக்கிற மாதிரியே இருந்தது. பிறகு எல்லா லோடையும் போடச் சொல்லிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டில் அளந்தார். 14.2. பேட்டரியில் அளந்தார். 12.3.

"பாத்தீங்களா சார், டைனமோ நல்லாத்தான் குடுக்குது. நடுவுல எவனோ திங்கிறான்."

ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் பெரிய ஃப்யூஸ் இருக்கும் பெட்டியைத் திறந்தார். ஒரு போல்ட் லூஸ். சுற்றிலும் பச்சைக் களிம்பு, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. சுத்தம் செய்து, முனையை மாற்றி, இறுக்கினார். மறுபடி அளந்தால் 14.2-க்கு 14.0. விளக்கு அணைந்தது. கூலி 250 ரூபாய்.

ஏழாயிரம் கொடுத்து ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். அந்த போல்ட் இன்னும் சூடாகி ஒருநாள் புகைந்திருக்கும்.

அடுத்து, பழைய வண்டிகளின் பெரிய வியாதி: எர்த்.

பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த ஒயர் பாடிக்கும், ஒன்று எஞ்சினுக்கும் போகும். எல்லா விளக்குகளும் பாடி வழியாகத்தான் கரண்டைத் திருப்பி அனுப்புகின்றன. பதினைந்து வருஷ மழை, சேறு, கடலோர உப்புக்காற்று எல்லாம் சேர்ந்து அந்த போல்ட் துருப்பிடித்தால் விசித்திரமான அறிகுறிகள் வரும்.

இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கும்.

பிரேக் மிதித்தால் மீட்டர் போர்டு மங்கும்.

ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து நகரும்.

தொடர்பில்லாத இரண்டு விஷயம் சேர்ந்து கெட்டால் இரண்டு நோய் என்று நினைக்காதீங்க. இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தைத் தேடுங்க. பெரும்பாலும் அது எர்த்தாக இருக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், எஞ்சின் செக் என்று நாலைந்து விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தாலும் முதலில் வோல்டேஜும் எர்த்தும்தான் பார்க்கணும்.

சோதிப்பது சுலபம். மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எஞ்சின் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினாலே பாதி வண்டி குணமாகும்.

மீட்டர் போர்டு முழுக்க இருட்டாக இருந்தால்?

இது வேற பிரச்சினை. பார்க் லைட் போட்டதும் மீட்டர் வெளிச்சம் வரலைன்னா முதலில் பிரைட்னெஸ் திருகியைப் பாருங்க. சின்ன சக்கரம் மாதிரி இருக்கும். வண்டி துடைக்கும்போது தெரியாமல் திரும்பிக் குறைந்திருக்கும். சிரிக்காதீங்க, உண்மையிலேயே அடிக்கடி நடப்பது இதுதான்.

அடுத்து இறங்கிப் பின்னால் போய் டெயில் லைட் எரியுதான்னு பாருங்க. பல வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்துக்கும் டெயில் லைட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். இரண்டும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ். நீங்கள் உள்ளே மீட்டர் தெரியலைன்னு கவலைப்படுறீங்க, வெளியே உங்கள் வண்டியே பின்னால் வருபவருக்குத் தெரியலை.

ஒரு மூலை மட்டும் இருட்டு என்றால் அந்த இடத்து பல்பு. மொத்தமும் மினுக்கினால் மீட்டரின் பின்னால் இருக்கும் சாக்கெட் அல்லது எர்த்.

ஃப்யூஸ் பற்றி கண்டிப்பாகச் சொல்லணும்.

ஃப்யூஸின் நிறமே அளவு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். 10 போனால் 10 மட்டும்தான் போடணும். மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கு, அதைத் தேடணும். 30 போடுவது, சிகரெட் பேப்பர் ஃபாயில் சுற்றுவது, ஒயரை மடித்துச் சொருகுவது எல்லாம் தீயை அழைத்து உட்கார வைக்கும் வேலை. ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. அது உருக வேண்டிய நேரத்தில் உருகவில்லை என்றால் டேஷ்போர்டுக்கு உள்ளே ஒயர் உருகும்.

அதே மாதிரி 60/55 வாட் இடத்தில் 100/90 வாட் பல்பு போடாதீங்க. பழைய ஒயரும் சுவிட்சும் அந்தக் கரண்டைத் தாங்காது. வெளிச்சம் போதவில்லை என்றால் ரிலே வைத்துத் தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்க. பல நேரம் சரியான வோல்டேஜ் கிடைத்தாலே பழைய பல்பு பளிச்சென்று எரியும்.

"ரெண்டு நாள் எடுக்கலைன்னா ஸ்டார்ட் ஆகலை டாக்டர்" என்று சொல்பவர்களுக்கு.

அணைத்து வைத்த பிறகும் ஏதோ கரண்டைக் குடிக்கிறது. கடிகாரம், ஈசிஎம் நினைவுக்காக 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு. அரை ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர். மூன்றாம் நாள் 35 பேட்டரி படுத்துவிடும்.

சந்தேகப் பட்டியல்: வெளியில் வாங்கிப் போட்ட ஆடியோ செட், அலாரம், டிக்கி விளக்கு, க்ளவ் பாக்ஸ் விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே. பேட்டரி மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கால் மணி நேரம் காத்திருந்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் எதை எடுக்கும்போது அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன். இதைச் செய்யும்போது சாவி போட்டு செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் எரியும். பழக்கம் இல்லாதவங்க எலக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்க.

மஞ்சள் எஞ்சின் செக் விளக்கு.

ஓபிடி வசதி உள்ள வண்டி என்றால் ஸ்கேனர் மாட்டினால் ஒரு கோடு வரும். உதாரணமாக பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. அந்தக் கோடு அறிகுறியைச் சொல்கிறது, எந்தப் பொருளை மாற்றணும்னு சொல்லாது. கோடை அழித்து விளக்கை அணைப்பது காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவது போல. காரணம் உள்ளேயே இருக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்க. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்க. ஆயில், பேட்டரி, எஞ்சின் செக் எல்லாம் எரியணும். ஏபிஎஸ், ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அவையும் எரிந்து அணையணும். ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது விற்பதற்காகக் கழற்றியிருக்கலாம். எரியாத விளக்கைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, விசாரியுங்க. ஏர்பேக் ஒயர்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும், அதை யாரும் வீட்டில் தொட வேண்டாம்.

கடைசியா, மருத்துவராக நான்கு விஷயம்.

ஒன்று. பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் கசக்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரை, குழாய் நீரானாலும் சரி, இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்கணும். பால், எண்ணெய், தாய்ப்பால், சோடா மாவு எதுவும் விடக்கூடாது. கழுவிய பிறகு நேராகக் கண் மருத்துவரிடம். முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடி அங்கே கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த நேரத்தில் பார்வை போகலாம்.

இரண்டு. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதன் மேல் குனிந்து பீடி, தீக்குச்சி, லைட்டர் வெளிச்சம் வேண்டாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசி கருப்பு கிளிப்பை இறந்த பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், எஞ்சினின் வெற்று உலோகத்தில் தள்ளி மாட்டுங்க. பொறி அங்கே வரட்டும்.

மூன்று. டெர்மினலைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மோதிரம், வாட்ச், காப்பைக் கழற்றி வைத்துவிடுங்க. ப்ளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் பட்டால் நொடியில் பழுத்துவிடும், விரலோடு வேகும். வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி பிரஷ்ஷால் தேயுங்க. பிறகு வாசலின் தடவினால் போதும்.

நான்கு. எலி. நிறுத்தி வைத்த வண்டியில் ஒயரைக் கடிப்பது ஒரு பிரச்சினை. அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் வருவது இன்னொரு பிரச்சினை. பானெட்டுக்குள் எலி இருந்த தடயம் தெரிந்தால் கையுறை போட்டுத் தொடுங்க, முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்க. கையில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் கவனம்.

நண்பர்களே, பழைய கார் வைத்திருப்பது குற்றம் இல்லை. புது வண்டி வாங்க வசதி இல்லாமல், இருப்பதைப் பராமரித்து, அம்மாவை டயாலிசிஸுக்கும் பிள்ளையைப் பரீட்சைக்கும் கூட்டிப் போகும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களிடம் போய் ஊகத்தில் பேட்டரி மாற்று, டைனமோ மாற்று என்று செலவு வைப்பது பாவம். விளக்கு எரிந்தும் கண்டுகொள்ளாமல் ராத்திரிப் பயணம் போவது அதைவிட ஆபத்து. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்க, அளந்து பாருங்க, பிறகு மாற்றுங்க.

இன்னைக்கு சாயங்காலம் மூன்று நிமிஷம் ஒதுக்குங்க.

சாவியை ஆன் செய்து எல்லா விளக்கும் எரியுதா பாருங்க. ஸ்டார்ட் செய்து எல்லாம் அணையுதா பாருங்க. ஹெட்லைட், பிரேக், இண்டிகேட்டர் போட்டு வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து எரியுதான்னு கேளுங்க. டிக்கியில் முக்கோணம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா நாளைக்கே வாங்கிப் போடுங்க.

உங்கள் வண்டியில் எந்த விளக்கு, எப்போது, எப்படி எரிகிறது என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை அந்த மரத்தடி அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பத்திரமாகப் போய் வாங்க.


ஓர் அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்